தண்ணீர் நிற்க வெட்டிய குழி

1.

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. தோட்டங்களைப் பற்றி ஒரு சிறு சஞ்சிகை நடத்துபவர் தொலைபேசியில் கேட்டார்: "நீங்க முந்தி திகனப் பக்கம் ஒரு தற்சார்புத் தோட்டத்துல சம்பளம் இல்லாம வேலை செஞ்சிருக்கீங்களாமே? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். மண்ணு, விதை, மழைத்தண்ணி, அந்த மாதிரி. சண்டைக் காலத்து விஷயம் மட்டும் வேணாம். வாசிக்கிறவங்க களைச்சுப் போயிருக்காங்க."

நானும் களைத்துத்தான் போயிருந்தேன். சரி என்றேன். அன்றே உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்:

"மலைச்சரிவில் மண் கரையாமல் காப்பதற்கு நல்ல வழி, சரிவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு—"

ஒரு என்ன? வாய்க்கால் என்றால் தண்ணீர் ஓட வேண்டும். இது ஓடுகிற தண்ணீரை நிறுத்துவதற்காக வெட்டுவது. குழி என்றால் வட்டமாகத் தோன்றுகிறது. அகழி என்றால் பின்னாலேயே ஒரு கோட்டை வந்துவிடுகிறது. அதை வெட்டிய பரமநாதன் ஒரு சொல் வைத்திருந்தார். அந்தச் சொல்லை எழுதினால் சஞ்சிகைக்காரர் வேண்டாம் என்ற காலம் முழுவதும் கூடவே வந்து உட்காரும்.

கட்டுரையை விட்டுவிட்டேன். இனி வருவது கதை. நான் கண்ணால் பார்க்காத இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

2.

முதலில் தோட்டம். இதற்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் விடியற்காலைப் பனி—" வேண்டாம். பனி எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது.

(ஆ) "ஸுலைஹா டீச்சருக்குக் கடைச் சாமான் பிடிக்காது." இது பரவாயில்லை.

ஸுலைஹா டீச்சருக்குக் கடைச் சாமான் பிடிக்காது. கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு, சவூதியில் இருந்த கணவர் அனுப்பியதைக்கொண்டு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினார். உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், தேயிலை. இந்த நான்கையும் தவிர எதுவும் கடையிலிருந்து அந்தக் கேற்றைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். மரவள்ளி, ஈரப்பலா, குரக்கன், மிளகு, ஆறு ஆடுகள், எண்ண முடியாத கோழிகள். சவர்க்காரமும் அவரே காய்ச்சினார். அதைப் போட்டுக் குளித்தால் ஆட்டின் வாசனை போய் வேறொரு ஆட்டின் வாசனை வரும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டி நகரத்தில் ஒரு புத்தகக்கடையில் வேலை. டீச்சர் வந்து கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்: "இரண்டு ஏக்கர். வேலை உண்டு. சாப்பாடும் படுக்கையும் உண்டு. சம்பளம் இல்லை." கடைசி இரண்டு சொற்களைப் பெரிதாக எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காகவே சனிக்கிழமைகளில் பஸ் ஏறத் தொடங்கினேன். 1997ஆம் ஆண்டு.

(குறிப்பு: முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்பார்கள். முதல் நாள் "என்னைய தாத்தான்டு கூப்பிடுங்க" என்றார். ஐம்பதை நெருங்கும் பெண்ணைத் தாத்தா என்று கூப்பிட என் நாக்கு வளையவில்லை. டீச்சர் என்றே இருந்துவிட்டது.)

3.

பரமநாதனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவர் மேல் அல்ல, நான் எழுதிய அவர் மேல். முதல் பிரதியில் அவர் மிகவும் நல்லவராக வந்துவிட்டார். மென்மையாகப் பேசினார், ஆட்டுக்குட்டிகளைத் தடவிக் கொடுத்தார். பிறகு ராணுவம் வந்து கூட்டிக்கொண்டு போகும்போது வாசகர் எளிதாகக் கண் கலங்கலாம். அந்தப் பிரதியைக் கிழித்தேன்.

உண்மையில் அவருக்கு ஆடுகள் என்றாலே ஆகாது. யாழ்ப்பாணத்தில் கொமர்ஸ் ட்யூஷன் கொடுத்துக்கொண்டிருந்தவர், முப்பத்துநான்கு வயது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது வெளியேறி, வவுனியாவில் சில மாதம் இருந்து, கண்டிக்கு வந்து பொலிஸில் பதிந்துகொண்டு, கனடாவில் இருக்கும் தமையனின் பதிலுக்காகக் காத்திருந்தார். காத்திருக்கிறவருக்குச் சாப்பாடும் படுக்கையும் பெரிய விஷயம். கேற்றடி அறையில் தங்கினார். "ஊர் பேசும் டீச்சர்" என்று நான் சொன்னபோது, "பேசட்டும். ஊருக்கும் ஒரு வேல வேணுமே" என்றார் டீச்சர்.

பரமநாதன் குறட்டை விடுவார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யமாட்டார். ஞாயிறு மத்தியானம் "சந்திக்குப் போட்டு வாறன்" என்று போய், பேக்கரியில் பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு, மீசையில் சீனியோடு திரும்பி வருவார். இரண்டு முறை நானும் கூடப் போனேன். இந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும். இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

4.

ஆவணியில் நிலம் வெடித்துக் கிடந்தது. மாரி தொடங்குவதற்குள் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவிட வேண்டும் என்றார் டீச்சர். (சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.) மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார்: முழங்கால் ஆழம், நல்ல அகலம், நேர் கோடு. மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதில் நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். கீழே வைத்த பலாக்கன்றுகள் பிழைக்கும்.

பரமநாதன் முதன்முறையாக ஒரு வேலையை விரும்பிச் செய்தார். இரண்டு கிழமை யாரையும் பக்கத்தில் விடவில்லை. மூன்றாம் சனிக்கிழமை நான் போனபோது டீச்சர் மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மார்பளவு ஆழம். ஓர் ஆள் நடக்கும் அகலம். சில அடிக்கு ஒரு வளைவு.

"என்ன தம்பி இது? பாம்பு போற மாதிரி ஈக்கிது."

அவர் உள்ளே நின்றபடி நிமிர்ந்தார். "நேரா வெட்டினா டீச்சர், ஒரு பக்கத்திலை விழுந்தது மற்றப் பக்கம் வரைக்கும் போகும்."

"என்ன விழுந்தது?"

அவர் மேலே ஏறி வந்து எங்கள் பக்கத்தில் நின்று, தான் வெட்டியதை முதன்முறையாக மேலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கை பழகிப்போச்சு" என்றார்.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது அவராகவே சொன்னார். "வீட்டிலை பங்கர் நான்தான் வெட்டினது. மாரியிலை அம்மா உள்ளை இறங்கமாட்டா. இடுப்பளவுக்குத் தண்ணி. 'செல் விழுந்து செத்தாலும் சாவன், சளி பிடிச்சுச் சாகமாட்டன்' எண்டு வெளியிலை முத்தத்திலை கதிரையைப் போட்டு இருப்பா. நான் வாளி வாளியா இறைப்பன். காலமை இறைச்சா மத்தியானம் திருப்பி நிக்கும். எத்தினை வருசம் இறைச்சிருப்பன்." பிறகு சிரிக்கத் தொடங்கினார். "இஞ்சை வந்தா, தண்ணி நிக்க வேணுமாம், கிடங்கு வெட்டட்டாம்!"

டீச்சரும் சிரித்தார். "ஆழமா ஈந்தா இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அப்படியே உடுங்க."

கிடங்கு. அது நல்ல சொல். கட்டுரைக்கு அதையே வைத்திருக்கலாம். ஆனால் அவர் முதலில் சொன்னது மற்றச் சொல்லை.

5.

அடுத்த தை மாதம், ஒரு ஞாயிறு காலை, கண்டி நகரத்தில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. நான் அன்று தோட்டத்தில் இருந்தேன். வானொலியில் கேட்டோம். நகரத்துக்குத் திரும்ப வழியில்லை. பரமநாதன் அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை. சந்திக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு ஜீப் வந்தது. பொலிஸும் ராணுவமும். மேட்டில் பங்கர் வெட்டியிருப்பதாகத் தகவல்.

இந்த இடத்தில் அவர்களைக் கத்தவைத்து எழுதியிருந்தேன். அவர்கள் கத்தவில்லை. கூட வந்த கோப்ரல் நடுவயதுக்காரர். சப்பாத்தோடு உள்ளே குதித்தார். மழைத்தண்ணீர் அவர் கணுக்கால் வரை நின்றது. ஒரு வளைவு வரை நடந்துபோய், அதில் முதுகைச் சாய்த்து, தலையைக் குனிந்து, உட்கார்ந்து பார்த்தார். அவருடைய உடம்பு அதில் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவரும் எங்கேயோ இப்படி ஒன்றை வெட்டி, இப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

(சிங்களத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன். அது எந்த ஊர்த் தமிழாக இருக்க வேண்டும் என்று தெரியாததால் அச்சுத் தமிழில்.)

"யார் வெட்டியது?"

"நான்" என்றார் பரமநாதன்.

டீச்சர் குறுக்கே வந்தார். "நான் சொல்லித்தான் வெட்டினார். என்னுடைய காணி. மழைத்தண்ணீர் நிற்பதற்காக."

கோப்ரல் மேலே ஏறி வந்து சப்பாத்தை உதறினார். "தண்ணீருக்கு வளைவு எதற்கு, டீச்சர்?"

இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர் வாயைத் திறந்து மூடினார். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு உண்மையான பதில் ஒன்று எங்கள் மூன்று பேரிடமும் இருந்தது. அதைச் சொன்னால் பரமநாதனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பரமநாதன் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டு வர அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் இரண்டாவது ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை.

"பாமா, ஆடுகளுக்குத் தழை வெட்டிப் போடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் வாரன்."

6.

இது நான் பார்க்காத இடம்.

பொலிஸ் நிலையத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். மேசை, மின்விசிறி, சுவரில் ஒரு நாட்காட்டி. எல்லாம் எனக்குத் தெரியாதவை. "அவருடைய முகத்தில் விழுந்த வெளிச்சம்—" என்று ஒரு வாக்கியம் தொடங்கியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த மூன்று பக்கமும் இப்போது இல்லை.

டீச்சர் மறுநாள் பின்னேரம் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வாங்குல ஒக்காந்து ஈந்தேன். ஒரு பொலிஸ்காரப் பொடியன் தேத்தண்ணி தந்தான். அவரெ வேற எடத்துக்குக் கொண்டுபோனாங்க." அதற்கு மேல் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

பிறகு கிழமைதோறும் அவருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். சில நாள் அதை வாங்கி உள்ளே அனுப்பினார்கள். சில நாள் அவித்த மரவள்ளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து ஆடுகளுக்குப் போட்டார்.

ஒரு கட்டளையும் வந்திருந்தது. அந்தக் குழியை ஒரு கிழமைக்குள் மூடிவிட வேண்டும்.

7.

நானும் டீச்சரும் மூடத் தொடங்கியபோது முதியான்சே தன் மண்வெட்டியோடு மேலே வந்தார். சரிவில் நேர் கீழே அவருடைய வீடு. மிளகும் கொஞ்சம் நெல்லும் செய்பவர். மண்ணை இழுத்துப் போடத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் சிங்களத்தில் கேட்டார்: "முதியான்சே, நீங்களா சொன்னீர்கள்?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "மார்கழி மழைக்குச் சொன்னேன். குண்டுக்கு முன்பு. கிராம சேவகரிடம் சொன்னேன். மேலே பெரிய குழி வெட்டியிருக்கிறார்கள், உடைந்தால் தண்ணீர் என் குசினி அடுப்புக்குத்தான் வரும் என்று. குழி என்றுதான் சொன்னேன் டீச்சர். வேறு எந்தச் சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். கார்த்திகையில் வந்து சொன்னேன். பயப்படாதே, அது உடையாது என்றீர்கள்."

டீச்சருக்கு நினைவு வந்தது. எனக்கும் வந்தது. நான் அப்போது கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். முதியான்சே அரைமணி நேரம் கேற்றடியில் நின்றார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

(முதல் பிரதியில் முதியான்சே பொறாமை பிடித்த அயலவர். இரண்டாம் பிரதியில் மனம் திருந்திக் கண்ணீர் விட்டார். இரண்டும் வசதியாக இருந்தன. அவர் தன் குசினிக்காகப் பயந்த மனிதர், அவ்வளவுதான். அந்தப் பயம் கிராம சேவகரைக் கடந்து, இன்னும் யார் யாரையோ கடந்து போகும்போது, இடையில் எங்கேயோ ஒரு சொல் மாறிவிட்டது.)

முழுவதும் மூடவில்லை. முழங்கால் ஆழத்தில் டீச்சர் நிறுத்தச் சொன்னார். "இதை யாரும் பங்கர் என்று சொல்ல முடியாது" என்றார். முதியான்சே ஒரு முறை கீழே தன் வீட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

8.

மே மாதம், வெசாக் பண்டிகைக்குச் சில நாள் முன்பு பரமநாதன் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. கேற்றைத் திறந்துகொண்டு வந்து, தன் அறைக் கதவில் கை வைத்தபடி நின்றார். மெலிந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை பொலிஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

மேட்டுக்குப் போய்ப் பார்த்தார். "இப்பதான் இது சரி" என்றார். "நான் வெட்டினது பிழை டீச்சர்."

"பிழையில்ல தம்பி. வாங்க, தின்ன வாங்க."

அன்று குசினியில் நான் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன், முதியான்சே சொன்னதை அவரிடம் சொல்லிவிடுவோமா என்று.

"ஒரு கிழம போகட்டும் புள்ள. தின்னட்டும், தூங்கட்டும்."

அந்தக் கிழமை முடியவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் இடியோடு மழை பிடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் மேடு முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியது. நாங்கள் போட்டு மூடிய மண் புது மண். பழைய வளைவு ஒன்றில் அது ஊறிச் சரிந்தது. தண்ணீர் அந்த வாய் வழியே கீழே திரும்பியது.

முதியான்சே கீழேயிருந்து கூப்பிட்டது மழையிலும் கேட்டது.

டீச்சர் முக்காட்டை இறுக்கிக் கட்டுவதற்குள் பரமநாதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன், இரண்டு முறை விழுந்தேன். அவர் முதியான்சேயின் வீட்டுப் பக்கம் போகவில்லை. பாதி வழியில் நின்று, தண்ணீர் வருகிற வழியையும் பக்கத்து ஓடையையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் இடையில் வெட்டத் தொடங்கினார். நேராக. முதியான்சே மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். பரமநாதனின் இடது கை பிடியை விட்டு நழுவியபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் மறுபடி பிடித்தார். நான் கையால் மண்ணை அள்ளி அணை போட்டேன். முதியான்சேயின் மனைவி குசினிப் படியில் சாக்கை அடுக்கினார்.

தண்ணீர் அந்தப் படியைத் தொட்டது. சாக்கில் முதல் வரிசை நனைந்தது. பிறகு இரண்டு பேரும் வெட்டியது நடுவில் சந்தித்தது, தண்ணீர் ஓடைப் பக்கம் திரும்பியது. அது திரும்பிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. டீச்சர் மேலேயிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றதும் கேட்டது.

9.

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்றில், மழை விட்ட பிறகு முதியான்சே எல்லாவற்றையும் சொல்கிறார், பரமநாதன் அவர் தோளில் கை வைக்கிறார். வெட்டிவிட்டேன். அவர் யார் தோளிலும் கை வைக்கிறவர் அல்ல.

மற்றதில், பரமநாதன் உண்மையைக் கேட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு இருட்டில் நடந்து—

இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டீச்சரும் கீழே இறங்கி வர, முதியான்சேயின் குசினியில் நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோர் உடம்பிலும் சேறு. அவர் மனைவி பிளேன்டீ ஊற்றித் தந்தார். முதியான்சே தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் ஆரம்பித்தார்: "மாத்தயா, அன்றைக்கு நான் கிராம சேவகரிடம் போய்—"

"ஹகுரு தியெனவத?" என்றார் பரமநாதன். கருப்பட்டி இருக்கிறதா என்று.

உள்ளே போகுமுன் அவருக்குச் சிங்களத்தில் பத்துச் சொல் தெரியும். மூன்றரை மாதம் உள்ளே இருந்தபோது எத்தனை சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதியான்சே சொல்ல வந்தது அவருக்கு விளங்கியதா? விளங்கித்தான் நிறுத்தினாரா? அல்லது நனைந்து நடுங்கிய ஒரு மனிதருக்குத் தேத்தண்ணியோடு கடிக்க இனிப்பு வேண்டியிருந்ததா?

தகவல் யாரிடமிருந்து போனது என்று விசாரணையிலேயே அவருக்குச் சொல்லியிருப்பார்கள், மழையில் இறங்கும்போதே அவருக்கு எல்லாம் தெரியும் என்கிறார் டீச்சர். தெரியாது என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது சில நாள் அப்படி, சில நாள் இப்படி. அந்த ஆடியில் அவர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா போய்ச் சேர்ந்தார். பெருநாளைக்கு டீச்சருக்குத் தொலைபேசி எடுப்பார். ஆடுகள் செத்துவிட்டனவா என்று ஆவலோடு விசாரிப்பார். இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, டீச்சரும் கேட்டதில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். தெரியும் என்றால் எட்டாம் பகுதியை இன்னொரு தரம் வாசியுங்கள், அது வேறு கதை. தெரியாது என்றால் இருக்கிறபடியே இருக்கட்டும். உங்களுக்கு உதவியாக நான் பார்த்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதியான்சே பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கருப்பட்டி கொண்டுவந்தார். கத்திப் பிடியால் தட்டி உடைத்தார். எங்களுக்குச் சின்னத் துண்டுகள். பெரியதை எடுத்துப் பரமநாதனிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கோப்பையோடு வாசற்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெளியே தண்ணீர் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். முகம் தெரியவில்லை.